டேப்லெட்டின் பூட்லோடர் மெனுவும் பக்கவாட்டுப் பட்டன்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேப்லெட் லோகோவிலேயே நின்றுவிட்டது, இல்லையென்றால் பேட்டர்ன் மறந்துவிட்டது. யாரோ "பவரையும் வால்யூமையும் சேர்த்துப் பிடி" என்று சொல்லியிருக்கிறார்கள். பிடித்ததும் கறுப்புத் திரையில் ஏதோ வரிகள் வந்து நிற்கின்றன. விரலால் தொட்டால் எதுவும் நகரவில்லை. மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் இருக்கிற என் பழுதுபார்க்கும் மேசைக்குப் பலர் இந்த நிலையில்தான் வருகிறார்கள். மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று பஸ் ஏறி வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதைத்தான் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த மெனுவுக்குள் போய்ப் பார்ப்பதால் எதுவும் அழியாது. கடைசியில் 'ஓகே' கொடுக்கிற அந்த ஒரு அழுத்தத்துக்குத்தான் பயப்பட வேண்டும்.

பூட்லோடர், ரெக்கவரி, ஃபாஸ்ட்பூட் என்கிறார்களே, எல்லாம் ஒன்றா?

ஒன்றில்லை. பவர் பட்டனை அழுத்தியதும் சில்லுக்குள்ளேயே பதிந்திருக்கும் ஒரு சிறு நிரல் முதலில் எழுந்திருக்கும். அது எழுப்பிவிடுவதுதான் பூட்லோடர். வீட்டு வாசலில் நிற்கிற காவல்காரர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர் வால்யூம் பட்டனைப் பிடித்திருக்கிறாரா என்று பார்க்கும். பிடிக்கவில்லை என்றால் நேராக ஆண்ட்ராய்டுக்குள் விடும். பிடித்திருந்தால் வேறு வாசலைக் காட்டும்.

அந்த வேறு வாசல்களில் ஒன்று ரெக்கவரி. அது ஆண்ட்ராய்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு குட்டி இயங்குதளம். டேப்லெட்டில் இருப்பதைத் துடைக்கவும் அப்டேட் போடவும் மட்டும்தான் அதற்குத் தெரியும். ஃபாஸ்ட்பூட் என்பது கம்ப்யூட்டரில் கேபிள் போட்டுக் கட்டளை கொடுப்பதற்காகப் பூட்லோடர் காத்திருக்கும் நிலை. சாம்சங்கில் ஃபாஸ்ட்பூட் கிடையாது; அதன் இடத்தில் டவுன்லோட் மோடு இருக்கிறது.

திரை நன்றாகத்தானே இருக்கிறது, தொட்டால் ஏன் வேலை செய்யவில்லை?

தொடுதிரைக்கு என்று தனி டிரைவர், அதாவது அதை இயக்குகிற சிறு மென்பொருள், வேண்டும். அது ஆண்ட்ராய்டு எழுந்த பிறகுதான் ஏறும். பூட்லோடர் அதற்கெல்லாம் முந்திய கட்டம். பவர், வால்யூம் பட்டன்களோ வெறும் சுவிட்ச்கள். அழுத்தினால் கம்பி சேரும், விட்டால் பிரியும். அதைப் படிக்கப் பெரிய மென்பொருள் தேவையில்லை. சில கம்பெனிகள் தங்கள் ரெக்கவரியில் தொடுதிரையையும் வேலை செய்ய வைத்திருக்கின்றன. ஆனாலும் பட்டன் பழக்கம் இருப்பது நல்லது.

எந்தப் பட்டனை, எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும்?

எல்லா டேப்லெட்டுக்கும் பொருந்துகிற ஒரே பதில் இதற்கு இல்லை. கூகுளின் பழைய நெக்ஸஸ் 7-ஐ எடுத்துக்கொண்டால், அணைத்துவிட்டு வால்யூம் குறைக்கும் பட்டனைப் பிடித்தபடி பவரையும் பிடிக்க வேண்டும். அதே 2012-இல் வந்த நெக்ஸஸ் 10-க்கு வால்யூமின் இரண்டு பட்டன்களையும் பிடித்துக்கொண்டு பவரை அழுத்த வேண்டும். ஒரே வருடம், ஒரே வரிசை, இரண்டு வழி. அப்படியிருக்க நாலு கம்பெனி டேப்லெட்டுக்கு ஒரே வழி எப்படி இருக்கும்?

நம் ஊரில் அதிகம் கைக்கு வருவது சாம்சங். முன்பக்கம் ஹோம் பட்டன் உள்ள பழைய மாடலில் வால்யூம் கூட்டும் பட்டன், ஹோம், பவர் மூன்றையும் சேர்த்துப் பிடித்தால் ரெக்கவரி. கூட்டும் பட்டனுக்குப் பதில் குறைக்கும் பட்டன் என்றால் டவுன்லோட் மோடு. ஹோம் பட்டன் இல்லாத மாடலில் வால்யூம் கூட்டும் பட்டனும் பவரும் போதும். ஆனால் ஆண்ட்ராய்டு 11-க்குப் பிறகு இதில் ஒரு முடிச்சு விழுந்துவிட்டது: யூஎஸ்பி கேபிளால் கம்ப்யூட்டரோடு இணைத்திருந்தால்தான் பட்டன் சேர்க்கைக்கு ரெக்கவரி வரும். இது தெரியாமல் அரை மணி நேரம் பிடித்துப் பிடித்து விரல் மரத்துப்போய், "பட்டன் போச்சுண்ணே" என்று வருகிறவர்கள் உண்டு. பட்டனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கேபிளைக் குத்தினால் மெனு வந்துவிடும்.

நேரத்தைப் பொறுத்தவரை எண்ணிக்கையைவிடத் திரையைப் பாருங்கள். லோகோ தெரிந்ததும் பவரை மட்டும் விட்டுவிட்டு வால்யூமை மெனு வரும்வரை பிடித்திருப்பது பல மாடல்களில் பலிக்கும். பவரையும் விடாமல் பிடித்திருந்தால் சிலது மறுபடி அணைந்து, மறுபடி எழுந்து, சுற்றிக்கொண்டே இருக்கும்.

அணைக்கவே முடியவில்லை. லோகோவிலேயே நிற்கிறது. அப்போது?

பேட்டரியைக் கழற்றி மாட்டிய காலம் போய்விட்டது. பவரையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்துப் பத்து வினாடிக்குக் குறையாமல் பிடியுங்கள். சில மாடல்களுக்கு இருபது, முப்பது வினாடிகூட ஆகும். மின்சாரத்தைப் பகிர்கிற சில்லே இந்த நீண்ட அழுத்தத்தைக் கவனித்துக்கொள்ளும். அதனால் ஆண்ட்ராய்டு எவ்வளவு உறைந்து கிடந்தாலும் இது பொதுவாக வேலை செய்யும். திரை கறுத்த அதே நொடியில் விரலைக் குறைக்கும் பட்டனிலிருந்து கூட்டும் பட்டனுக்கு மாற்றிவிட்டால் ரெக்கவரிக்குள் போய்விடலாம். முதல் இரண்டு முறை தவறத்தான் செய்யும். கபடியில் கோட்டைத் தொடுகிற மாதிரிதான், நொடிக் கணக்கு.

மெனு வந்துவிட்டது. எது மேலே, எது கீழே, எது ஓகே?

பொதுவான வழக்கம் இது: வால்யூம் பட்டன்கள் நகர்த்தும், பவர் பட்டன் தேர்வு செய்யும். நெக்ஸஸ் பூட்லோடரில் வால்யூமைத் தட்டத் தட்ட 'ஸ்டார்ட்', 'ரீஸ்டார்ட் பூட்லோடர்', 'ரெக்கவரி மோட்', 'பவர் ஆஃப்' என்று ஒவ்வொன்றாக மாறும். வேண்டியது வந்ததும் பவரைத் தட்ட வேண்டும்.

ஆனால் இதை மட்டும் நம்பிக்கொண்டு மீடியாடெக் சில்லு உள்ள டேப்லெட்டில் கைவைத்தால் குழப்பம்தான். விலை குறைந்த டேப்லெட்டுகள் பலவற்றில் அந்தச் சில்லுதான். அதில் வரும் சின்ன மெனுவில் 'ரெக்கவரி மோட்', 'ஃபாஸ்ட்பூட் மோட்', 'நார்மல் பூட்' என்று மூன்று வரி இருக்கும். எந்த வரியில் நிற்கிறோம் என்று ஓரத்தில் ஓர் அம்புக்குறி காட்டும். இங்கே வால்யூம் கூட்டும் பட்டன்தான் நகர்த்தும், குறைக்கும் பட்டன்தான் 'ஓகே'. கீழ்வரிக்குப் போகலாம் என்று குறைக்கும் பட்டனைத் தட்டினால், நின்ற இடத்தையே தேர்வு செய்துவிடும். இந்த மூன்று வரியில் அப்படி ஆனால் மோசமில்லை, எதுவும் அழியாது. ஆனால் அந்தப் பழக்கத்தோடு உள்ளே போகிறவர் ரெக்கவரியில் தடுமாறுவார், ஏனென்றால் அங்கே மறுபடி பவர்தான் ஓகே. மெனுவின் தலைப்பிலோ அடியிலோ எந்தப் பட்டன் என்ன செய்யும் என்று பொடி எழுத்தில் எழுதியிருப்பார்கள். அதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

டேப்லெட்டுக்கே உரிய இன்னொரு வம்பு இருக்கிறது. போனை நாம் எப்போதும் நெட்டுக்குத்தாகப் பிடிப்போம். டேப்லெட்டைப் படுக்கைவசமாகவும் பிடிப்போம், பையன் தலைகீழாகவும் பிடிப்பான். ஆண்ட்ராய்டோ ஐபேடோ எழுந்த பிறகு, சில டேப்லெட்டுகள் நாம் பிடிக்கும் திசையைப் பார்த்துக் கூட்டும் பட்டனையும் குறைக்கும் பட்டனையும் தாமாகவே மாற்றிக்கொள்ளும். வலப்பக்கம் இருப்பது எப்போதும் 'கூட்டு' என்று நமக்குப் பழகிப்போகும். பூட்லோடருக்கு அந்தத் திசை உணரி எல்லாம் தெரியாது. எந்தக் கம்பியைக் கம்பெனி 'கூட்டு' என்று வைத்ததோ அதுதான் அங்கே கூட்டு. எழுத்தும் சில சமயம் படுக்கையாக, கழுத்தைச் சாய்த்துப் படிக்கிற மாதிரி வரும்.

அதனால் நான் செய்வது: எழுத்து நேராகத் தெரிகிற மாதிரி டேப்லெட்டைத் திருப்பி மேசையில் வைப்பேன். ஒரு வால்யூம் பட்டனை ஒரே ஒரு தடவை தட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுவேன். நிறம் மாறிய வரி எந்தப் பக்கம் நகர்ந்தது என்று பார்த்த பிறகுதான் இரண்டாவது தட்டு. அழுத்திப் பிடிக்கவே கூடாது. பிடித்தால் நாலு வரி தாண்டி ஓடிவிடும்.

ரெக்கவரி என்று கொடுத்தேன். ஆண்ட்ராய்டு பொம்மை மல்லாந்து கிடக்கிறது, 'நோ கமாண்ட்' என்கிறது. போச்சா?

போகவில்லை. ரெக்கவரிக்குள் வந்துவிட்டீர்கள், மெனு மறைந்திருக்கிறது, அவ்வளவுதான். பவரைப் பிடித்தபடி வால்யூம் கூட்டும் பட்டனை ஒரு தட்டுத் தட்டி விடுங்கள். மெனு வரும்.

அந்த மெனுவில் எந்த வரி என்ன செய்யும்?

'ரீபூட் சிஸ்டம் நவ்' வழக்கம்போல டேப்லெட்டை எழுப்பும். வழி தெரியாமல் நிற்கிறீர்கள் என்றால் இதைத் தேர்ந்தெடுத்து வெளியே வந்துவிடலாம். 'ரீபூட் டு பூட்லோடர்' பழைய வாசலுக்குத் திருப்பி அனுப்பும். 'அப்ளை அப்டேட்' என்று தொடங்குகிற வரிகள் கம்ப்யூட்டரிலிருந்தோ மெமரி கார்டிலிருந்தோ மென்பொருள் ஏற்றுவதற்கு. கையில் சரியான கோப்பு இல்லாமல் அந்தப் பக்கம் போய் ஆகப்போவது ஒன்றுமில்லை. 'வியூ ரெக்கவரி லாக்ஸ்' வெறும் குறிப்பேடு.

'வைப் கேஷ் பார்ட்டிஷன்' தற்காலிகக் கோப்புகளை மட்டும் துடைக்கும். படம், வீடியோ, எண்கள் போகாது. அப்டேட் வந்த பிறகு லோகோவில் நிற்கிற பழைய டேப்லெட்டுக்கு நான் முதலில் செய்து பார்ப்பது இதைத்தான். புதிய டேப்லெட் பலவற்றில் இந்த வரியே இருக்காது. ஆண்ட்ராய்டு 7 தொடங்கி, இயங்குதளத்தை இரண்டு பிரதியாக வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி அப்டேட் செய்கிற முறை வந்தது. அந்த வகையில் கேஷுக்குத் தனிப் பகுதி தேவைப்படுவதில்லை.

'வைப் டேட்டா' அல்லது 'ஃபேக்டரி ரீசெட்' என்ற வரிதான் ஆபத்தானது. பழைய ரெக்கவரியில் இதைக் கொடுத்ததும் வரிசையாக 'நோ', 'நோ', 'நோ' என்று வந்து, நடுவில் எங்கோ ஒரே ஒரு 'யெஸ்' ஒளிந்திருக்கும். கை தவறி அழுத்தினாலும் 'நோ'வில் விழட்டும் என்று யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு. இப்போது வருகிற ரெக்கவரிகளில் இரண்டே வரிதான். இந்த விஷயத்தில் பழையதே மேல் என்பது என் கட்சி.

சீன எழுத்தில் ஒரு மெனு வந்திருக்கிறது. ஏதாவது கொடுத்துப் பார்க்கவா?

வேண்டாம். அது தொழிற்சாலையில் சோதனை செய்வதற்கான மெனு. மீடியாடெக் டேப்லெட் பலவற்றில் பவரோடு வால்யூம் குறைக்கும் பட்டனைப் பிடித்தால் வரும். திரை, ஸ்பீக்கர், கேமரா சோதனைகளோடு, உள்நினைவகம் முழுவதையும் துடைக்கிற வரியும் அதே பட்டியலில் இருக்கும்.

இது எனக்குத் தெரிந்த விதம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒத்தக்கடையில் இருக்கிற என் அக்கா வீட்டு டேப்லெட்டை வாங்கி, "ரெண்டு நிமிஷம்க்கா" என்று உட்கார்ந்தேன். சீன எழுத்து வந்தது. கீழே போவதாக நினைத்து ஒரு தட்டு, வெளியே வருவதாக நினைத்து இன்னொரு தட்டு. மாப்பிள்ளையின் காதுகுத்துப் படங்கள் அத்தனையும் அதில்தான் இருந்தன. அக்கா ஒரு வார்த்தையும் திட்டவில்லை, காபி போட்டுக் கொடுத்தது. திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். இன்றைக்கும் சீன எழுத்தைப் பார்த்தால் பவரை நீளமாகப் பிடித்து அணைத்துவிட்டு, வேறு சேர்க்கையில் உள்ளே போவேன்.

பேட்டர்ன் மறந்துபோச்சு. படமெல்லாம் போகாமல் இந்த மெனு வழியாகத் திறக்க முடியுமா?

முடியாது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் என் மேசையில் அதிகம் கேட்கிற கேள்வி இது. லீவில் பையன் வைத்த பேட்டர்ன் அவனுக்கே மறந்திருக்கும். ரெக்கவரியில் கிடைப்பது ஃபேக்டரி ரீசெட் மட்டும்தான், அது எல்லாவற்றையும் துடைக்கும். துடைத்த பிறகு "ரிக்கவரி சாஃப்ட்வேர் போட்டு எடுக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் கட்டாதீர்கள். ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த எந்தக் கருவியிலும் என்கிரிப்ஷன், அதாவது உள்ளே இருப்பதையெல்லாம் சங்கேதமாக்கிப் பூட்டி வைப்பது, கட்டாயம். அதற்கு முந்தியதிலும் பலவற்றில் உண்டு. ரீசெட்டில் அந்தப் பூட்டின் சாவியே அழிந்துபோகிறது.

மெமரி கார்டில் இருக்கும் படங்களுக்குப் பொதுவாக ஒன்றும் ஆகாது. ஆனால் கார்டை உள்நினைவகமாகச் சேர்த்து ஃபார்மட் செய்திருந்தால் அதையும் மறந்துவிட வேண்டியதுதான். கூகுள் போட்டோஸில் ஏறியிருக்கிறதா என்று அதே கணக்கை வேறு போனில் திறந்து பார்த்துவிட்டு, பிறகு ரீசெட் கொடுங்கள்.

ரீசெட் ஆனதும் பழைய ஜிமெயில் கேட்கிறது. இது என்ன புதுக் கொடுமை?

திருட்டுப் போன டேப்லெட்டைத் துடைத்து விற்காமல் இருக்க 2015-இல் ஆண்ட்ராய்டு 5.1-உடன் வந்த பூட்டு. கடைகளில் எஃப்ஆர்பி லாக் என்பார்கள். ரெக்கவரி வழியாகத் துடைத்தால் முன்பு இருந்த கூகுள் கணக்கையும் பாஸ்வேர்டையும் கேட்கும். எனவே பட்டனைப் பிடிப்பதற்கு முன்பே அந்த பாஸ்வேர்டு கையில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய டேப்லெட் வாங்குகிறவர்கள், விற்பவரின் முன்னிலையிலேயே செட்டிங்ஸுக்குள் போய்க் கணக்கை நீக்கச் சொல்லி வாங்குவது நல்லது.

சாம்சங்கில் 'டவுன்லோடிங்' என்று வந்து அப்படியே நிற்கிறது. ராத்திரி முழுக்க வைத்திருந்தேன், டவுன்லோடு முடியவில்லை.

அது எதையும் டவுன்லோடு செய்யவில்லை. கம்ப்யூட்டர் ஏதாவது அனுப்பும் என்று காத்திருக்கிறது. "அணைக்காதே" என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்துப் பயந்து சார்ஜரோடு வைத்திருந்த ஒருவர் திருமங்கலத்திலிருந்து அப்படியே கொண்டுவந்தார். பவரையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் பத்து வினாடி பிடித்தால் வெளியே வந்துவிடும். அதற்கு முன்பு ஓர் எச்சரிக்கைத் திரை வந்தால், அதில் கூட்டும் பட்டன் 'தொடர்', குறைக்கும் பட்டன் 'ரத்து'.

நான் எதையும் பிடிக்கவில்லை. ஆன் செய்தாலே ஃபாஸ்ட்பூட்டோ சேஃப் மோடோ (நாம் போட்ட செயலிகள் ஓடாத நிலை) வருகிறது.

முதலில் பவுச்சைக் கழற்றுங்கள். குழந்தை கீழே போடும் என்று தடித்த ரப்பர் பவுச் போட்டிருப்பீர்கள். அது வால்யூம் பட்டனை விடாமல் அமுக்கிக்கொண்டிருக்கும். பவுச்சைக் கழற்றியும் அப்படியே என்றால் பட்டனைச் சுற்றிப் புழுதியோ வியர்வை உப்போ பிடித்திருக்கலாம். காய்ந்த பல் துலக்கும் பிரஷால் தட்டிவிடுங்கள். தண்ணீர், தேங்காய் எண்ணெய் எதுவும் விடக்கூடாது. அதற்கும் மசியவில்லை என்றால் உள்ளே பட்டன்களுக்கு அடியில் இருக்கும் வால்யூம் ஸ்ட்ரிப்பை மாற்ற வேண்டியிருக்கும்.

வால்யூம் பட்டனே உடைந்துவிட்டது. மெனுவுக்குப் போக வேறு வழி?

ஆண்ட்ராய்டு இன்னும் எழுந்து வருகிறது, செட்டிங்ஸின் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி டீபக்கிங்கும் (கம்ப்யூட்டர் கட்டளையை ஏற்கும் அனுமதி) போட்டிருக்கிறது என்றால், ஏடிபி என்ற கட்டளைக் கருவி உள்ள கம்ப்யூட்டரில் 'ஏடிபி ரீபூட் ரெக்கவரி' அல்லது 'ஏடிபி ரீபூட் பூட்லோடர்' என்ற கட்டளை போதும். ரெக்கவரிக்குள் போனபின், ஓடிஜி கேபிளில் (டேப்லெட்டோடு யூஎஸ்பி சாதனங்களை இணைக்கிற கேபிள்) சாதாரண யூஎஸ்பி கீபோர்டை மாட்டினால் பல டேப்லெட்டில் அம்புக்குறி விசைகளும் என்டரும் வேலை செய்யும். பூட்லோடர் திரையில் கீபோர்டை எதிர்பார்க்காதீர்கள்.

கம்ப்யூட்டர் டேப்லெட்டைக் கண்டுகொள்ளவில்லையா? கேபிளை மாற்றிப் பாருங்கள். பஸ் ஸ்டாண்டு வாசலில் வாங்குகிற கேபிள்களில் சார்ஜ் மட்டும் ஏற்றுகிற ரகம் நிறைய. டிரைவரைச் சந்தேகிப்பது அதற்கு அப்புறம்.

ஓரத்தில் குண்டூசி நுழைகிற ஓட்டை இருக்கிறதே, அதுதான் ரீசெட்டா?

சில மாடலில் ரீசெட், பலவற்றில் மைக். பக்கத்தில் 'ரீசெட்' என்று எழுதியிருந்தால் ஒழியக் குத்தாதீர்கள். மைக்கைக் குத்திக் கிழித்துவிட்டு வருகிறவர்களுக்கு இரண்டு செலவு.

பள்ளிக்கூடத்தில் கொடுத்த டேப்லெட்டில் இதைச் செய்யலாமா?

கூடாது. அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கொடுத்திருக்கும் கைக்கணினி ஆகட்டும், கோர்ஸோடு சேர்த்துக் கொடுக்கும் டேப்லெட் ஆகட்டும், கொடுத்தவர்களின் கட்டுப்பாட்டு மென்பொருள் உள்ளே இருக்கலாம். துடைத்தால் பாடமும் போய், உள்ளே நுழையவும் முடியாமல் நிற்கும். கொடுத்த இடத்திலேயே சொல்லுங்கள்.

பூட்லோடரை 'அன்லாக்' செய்யட்டுமா? தம்பி யூடியூபில் பார்த்திருக்கிறான்.

கம்பெனி தராத மென்பொருளையும் ஏற்ற முடிகிற மாதிரி பூட்லோடரின் பூட்டைத் திறப்பதுதான் அன்லாக். அதைச் செய்வதே முழு டேட்டாவையும் துடைத்துவிடும், அதைத் தம்பியிடம் சொன்னார்களா என்று கேளுங்கள். அதற்கு முன்பு செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டி, டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'ஓஇஎம் அன்லாக்கிங்' போட்டிருக்க வேண்டும். அன்லாக் ஆனபின் ஒவ்வொரு முறை எழும்போதும் எச்சரிக்கைத் திரை வரும். வங்கிச் செயலிகள் சில முரண்டு பிடிக்கும். கற்றுக்கொள்ள ஆசைப்பட்டால் பழைய டேப்லெட் ஒன்றில் செய்து பார்க்கட்டும். அப்பா ஜிபே வைத்திருக்கும் டேப்லெட்டில் வேண்டாம்.

ஐபேட், விண்டோஸ் டேப்லெட்டுக்கும் இதேதானா?

ஐபேடில் இப்படி மெனுவே கிடையாது. ஹோம் பட்டன் இல்லாத ஐபேடில், மேல் பட்டனுக்கு அருகில் உள்ள வால்யூம் பட்டனை ஒரு தட்டு, தள்ளி இருப்பதை ஒரு தட்டு, பிறகு மேல் பட்டனை விடாமல் பிடித்தால் கேபிள் படத்தோடு ரெக்கவரி திரை வரும். மீதி வேலை கம்ப்யூட்டரில். மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸில் வால்யூம் கூட்டும் பட்டனைப் பிடித்தபடி பவரை ஒரு தட்டுத் தட்டினால் யூஇஎஃப்ஐ அமைப்புகள், அதாவது விண்டோஸுக்கு முன்பே எழுகிற அடிப்படை மென்பொருளின் திரை, வரும். குறைக்கும் பட்டன் என்றால் யூஎஸ்பி டிரைவிலிருந்து எழும்பும்.

எவ்வளவு சார்ஜ் இருக்க வேண்டும்?

பாதிக்கு மேல். பூட்லோடர் திரை பல மாடல்களில் தானாக அணையாது, எரிந்துகொண்டே பேட்டரியை இறக்கும். துடைக்கும்போதோ அப்டேட் ஏறும்போதோ நடுவில் அணைந்தால் சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும். அதே சமயம் அணைந்த டேப்லெட்டைச் சார்ஜரில் மாட்டியபடி பட்டனைப் பிடித்தால் மெனுவுக்குப் பதிலாகப் பேட்டரி படம் வந்து நிற்கும் மாடல்களும் உண்டு. ஏற்றிவிட்டு, சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பிடியுங்கள். முன்பு சொன்ன சாம்சங்குக்குக் கம்ப்யூட்டர் கேபிள் மட்டும் இருக்கட்டும்.

எல்லாம் செய்தும் சரியாகவில்லை. கடைக்கு வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

டேப்லெட்டின் சொந்த சார்ஜர், கேபிள். பெட்டியோ பில்லோ இருந்தால் அது. உங்களுடையதுதான் என்பதற்குச் சான்று. அதில் போட்டிருந்த கூகுள் கணக்கின் பெயர்; பாஸ்வேர்டை என்னிடம் சொல்ல வேண்டாம், நீங்களே வந்து அடித்துக்கொள்ளலாம். பின்பக்கம் இருக்கும் மாடல் எண் அழிந்திருந்தால் பெட்டியிலிருந்து படம் எடுத்து வாருங்கள். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். எந்தப் பட்டனைப் பிடித்தபோது என்ன திரை வந்தது என்று போனில் ஒரு படம் எடுத்திருந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.